மாப்பிள்ளை மாற்றிய சக்கரம்

எங்கள் வீட்டில் சமையலறைக் குழாயைத் திறந்தால் குளியலறையிலும் கொஞ்சம் தண்ணீர் சொட்டும். அது மாப்பிள்ளை செய்த வேலை. துணி காயப்போடும் கொடி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. புடவையைப் போட்டால் முந்தானை மண்ணைக் கூட்டும். அதுவும் அவர் வேலைதான். இடுப்பு உயரத்தில் கட்டினால் கையைத் தூக்க வேண்டியதில்லை, தோள்பட்டைக்கு நல்லது என்றார். இப்போது அவர் கம்பெனி வடக்கே புதிதாகத் திறந்த கிளைக்கு மாற்றலாகி, அக்காவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். பொங்கலுக்கு வந்து பார்த்தால் அவர் மனசு கஷ்டப்படும் என்று அம்மா எதையும் பழையபடி மாற்ற விடுவதில்லை. குழாயைத் திறக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். நல்லபடியாக நினைப்பதில்லை.

அவர் என் அக்காவின் கணவர். எனக்கு மாமா. ஆனால் வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது மாப்பிள்ளை என்ற ஒரு பெயர்தான். வாலாஜாபாத்துக்காரர். ஒரகடம் சாலையில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். சட்டைப் பையில் அளக்கும் டேப்பு ஒன்று இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் சிலர் தண்ணீர் கேட்பார்கள், சிலர் ஃபேன் போடச் சொல்வார்கள். இவர் சுற்றிமுற்றிப் பார்ப்பார். அவர் கண் எங்கே போய் நிற்கிறதோ, அந்தப் பொருளுக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் கைசன் என்று ஒன்று உண்டு. வேலை செய்யும் இடத்தில் சின்னதாக எதையாவது மாற்றி, வேலையைச் சுலபமாக்கிக் காட்ட வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் ஒரு படம், மாற்றிய பிறகு ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தால் மாதக் கூட்டத்தில் கைதட்டி ஒரு ஹாட் பாக்ஸோ ஃபிளாஸ்க்கோ கொடுப்பார்கள். அதை நான் கேலி செய்ய மாட்டேன். நானும் போன் கம்பெனியில் லைனில் நிற்கிறவள்தான். ஸ்டிக்கர் சுருளைக் கீழே வைக்காமல் கண்ணுக்கு நேராகத் தொங்கவிடலாம் என்று நான் சொன்னதை இன்றைக்கும் அந்த லைனில் செய்கிறார்கள். ஆனால் சுருளை வருஷம் முழுக்கக் கிழிக்கப் போகிறவள் நான். மாப்பிள்ளை எதையும் கிழிக்கப் போகிறவர் இல்லை. இரண்டாவது படம் எடுத்து முடித்ததும் அவருக்கு அந்தப் பொருளோடு உறவு தீர்ந்துபோகும். அது ஓடுகிறதா, உடைந்ததா, யார் காலில் விழுந்தது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒருமுறை கம்பெனியிலிருந்து ஒட்டும் மஞ்சள் டேப்பு ஒன்று கொண்டுவந்து எங்கள் வீட்டுத் தரையெல்லாம் கட்டம் போட்டார். குடத்துக்கு ஒரு கட்டம், அரிசி டின்னுக்கு ஒரு கட்டம், விளக்குமாற்றுக்கு நீளமாக ஒரு கட்டம். செருப்புக்கு ஜோடி ஜோடியாகப் போட்டார். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினார். குடம் இருக்கும் இடத்தில் குடம் என்று எழுதியிருந்தது. நாங்கள் என்ன, குடத்தைப் பார்த்து அரிசி டின் என்று நினைத்துக்கொள்கிறவர்களா? அம்மாவுக்கு அதைப் படிக்கவும் தெரியாது. ஆனாலும் அவர் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டன் வாங்கப் போகும் முன் குனிந்து குனிந்து எல்லாவற்றையும் அந்தந்தக் கட்டத்துக்குள் தள்ளி வைத்துவிட்டுத்தான் போவாள்.

அவர் முகத்துக்கு நேரே நான் சொல்லாமல் இல்லை. எல்லாம் சொல்லியிருக்கிறேன். மாமா, நீங்க வந்துட்டுப் போனா வூட்ல ஒரு பொருள் மிச்சம் இருக்காது என்று சோறு போட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறேன். மனசாரச் சொன்னது. ஆனால் நான் மச்சினிச்சி. மச்சினிச்சி மாமனைக் கேலி செய்யலாம் என்று ஊரே அனுமதி கொடுத்து வைத்திருக்கிறது. அதனால் நான் என்ன திட்டினாலும் அது திட்டாக அவர் காதில் ஏறாது. சந்தோஷமாகச் சிரிப்பார். மச்சினிச்சிக்கு வாய் ஜாஸ்தி என்று அக்காவிடம் பெருமையாகச் சொல்வார். திட்டுவதற்குக்கூட வழியில்லாத உறவு அது.

அம்மா சொன்னால் கதையே வேறு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, அவர் கழற்றி மாட்டிய மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று அம்மா வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டார். அக்காவைப் பார்த்து, கெளம்பு என்றார். அவ்வளவுதான். அந்த வருஷம் தலை ஆடிக்கு அக்காவை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் புதுப்பெண்கள் வந்து உட்கார்ந்திருக்க, அம்மா யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று வாசல் பக்கமே வராமல் இருந்தாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை செய்த எதையும் அம்மா குறை சொன்னதில்லை.

இதில் வேடிக்கை, அக்கம்பக்கத்தில் அவருக்கு ஏக மரியாதை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார் என்று அம்மாவின் கூட்டாளிகள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். உண்மைதான், இரண்டும் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பளை கடவுளாக அந்த இரண்டு போதும்.

இனி சைக்கிள். அது அக்கா பதினொன்றாம் வகுப்புப் படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. இருபத்தாறு இஞ்ச் சக்கரம், முன்னால் கூடை, பெண்கள் ஏறுகிற மாதிரி தாழ்ந்த கம்பி. அப்பா இறந்தபின் அம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வல்லக்கோட்டைக்கு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். காலை ஷிப்ட்டுக்கு டிபன் போக வேண்டும் என்றால் விடிவதற்கு முன்னால் வெங்காயம் உரிக்க உட்கார வேண்டும். அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோ கிடையாது. கம்பெனி பஸ் கான்ட்ராக்ட் ஆட்களை ஏற்றாது. சைக்கிள் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. அதற்காகவே அந்த வயதில் அவள் சைக்கிள் கற்றுக்கொண்டாள். ஊருக்கு வெளியே மனை போட்டு விற்காமல் கிடந்த இடத்தில் ரோடு மட்டும் நன்றாக இருக்கும். கல் நட்ட காலி மனைகளுக்கு நடுவில் விழுந்து எழுந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

அம்மா குள்ளம். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. அதனால் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இடது காலைப் பெடலில் வைத்து நாலு எட்டு உந்தி ஏறுவாள், இறங்கும்போது வேகம் குறைத்துக் குதித்துவிடுவாள். சீட்டைக் கொஞ்சம் இறக்கியிருக்கலாம். இறக்கினால் முட்டி மடங்கி வலிக்கிறது என்று அவளே ஏற்றி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் குதித்து இறங்கியதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார். போயும் போயும் அவர் கண் அதில் போய் நின்றது.

கால் எட்டவில்லை, இது ஆபத்து என்று டேப்பை எடுத்து அம்மாவின் காலை அளந்தார். மாமியார் காலை அளந்த மாப்பிள்ளை எங்கள் ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அம்மா கூச்சத்தில் நெளிந்தாள். கவலை என்றால் சீட்டை இறக்கிப் பாருங்களேன், ஒரு ஸ்பேனர் வேலைதானே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சீட்ட எறக்கறது டெம்பரவரி ஆக்‌ஷன். வீல் சைஸ மாத்தறதுதான் பெர்மனென்ட் ஆக்‌ஷன்.”

முட்டி வலிக்கும் கதையை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரருக்கு என்ன வந்தது, சின்னப் பிள்ளைகள் ஓட்டும் இருபது இஞ்ச் சக்கரம் இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெரிய சக்கரங்களை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகுதான் மாப்பிள்ளைக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சக்கரம் சின்னதானதும் பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கியது. அடுத்த வாரம் கம்பெனியில் கழித்துப்போட்ட தகட்டை வளைத்துக் கொண்டுவந்து, பிரேக் கட்டையை அதில் மாட்டிக் கீழே இறக்கினார். ஸ்டாண்டு நீளமாகிவிட்டது. அறுத்தார். மட்கார்டு சக்கரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் மேலே நின்றது. மழைக்கு நல்லது என்று விட்டுவிட்டார். பெடல் தரையை ஒட்டிக்கொண்டு போனது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. ஏனென்றால் அவர் அந்தச் சைக்கிளை ஓட்டிப் பார்க்கவே இல்லை.

படம் மட்டும் எடுத்தார். அம்மாவைச் சீட்டில் உட்காரவைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றச் சொல்லி, சிரிக்கச் சொன்னார். அம்மாவும் சிரித்தாள். கம்பெனியில் அப்போது பாதுகாப்பு வாரம். வீட்டில் செய்த பாதுகாப்பு வேலை என்று அந்தப் படங்களைக் கொடுத்து முதல் பரிசு வாங்கினார். பரிசாக வந்த ஹாட் பாக்ஸைத் தன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். என் அம்மாவுக்கு இல்லை.

அந்தச் சைக்கிளை அம்மா ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே. எவ்வளவு மிதித்தாலும் நகராது. எப்போதும் போகிற நேரத்துக்குக் கிளம்பினால் கேண்டீனில் சாம்பாருக்குத் தாளித்திருப்பார்கள். அதனால் இன்னும் முன்னால் எழுந்தாள். சர்க்கஸ் வண்டி வந்துவிட்டது என்று கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி சிரித்தானாம். அதை அவளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். வேகத்தடையில் பெடல் இடிக்கும், திருப்பத்தில் தரையைத் தேய்க்கும். மறுபடியும் மாற்றிவிடலாம் என்று சொல்லாத நாளில்லை. பழகிடும், மாப்ள ஆசையா பண்ணது என்பாள். அவள் பயம் எனக்குத் தெரியும். அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டால், பெண்ணைப் பிரசவத்துக்கு அனுப்புவாரோ மாட்டாரோ என்று அம்மா உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் விழுந்தாள். எங்கள் ஊர் ரோடு மெயின் ரோட்டில் சேரும் திருப்பத்தில், பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்ததும் பதற்றத்தில் மிதித்துக்கொண்டே திரும்பியிருக்கிறாள். உள்பக்கப் பெடல் தாரில் குத்திச் சைக்கிளைத் தூக்கிவிட்டது. பிரேக்கைப் பிடித்தால் வளைத்து வைத்த தகடு மடங்கிச் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. லாரிக்காரர் நிறுத்திவிட்டார், அவர் புண்ணியவான். அம்மாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. விரலைக்கூட அசைக்க முடியாமல் அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதும் என்னிடம் முதலில் சொன்னது, மாப்பிள்ளையிடம் சைக்கிளைப் பற்றிப் பேச்செடுக்காதே என்பதுதான்.

அவர் வந்தார். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, நாய் குறுக்கே வந்துவிட்டது என்றாள். வண்டி மேல் தப்பில்லை என்று கேட்காமலே சேர்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை உற்சாகமாகிவிட்டார். கம்பெனியில் எது கெட்டுப்போனாலும் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடிப்பார்களாம். கட்டில் ஓரமாக உட்கார்ந்து ஆரம்பித்தார். அத்தை ஏன் விழுந்தாங்க, நாய் வந்ததால். நாய் ஏன் வந்தது, ரோட்டோரம் குப்பை கிடப்பதால். குப்பை ஏன் கிடக்கிறது, பஞ்சாயத்தில் அள்ளாததால். இப்படிக் கேட்டுக்கொண்டே போய் எங்கோ கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டார். வாசலில் சாய்ந்து கிடந்த சைக்கிள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. பஞ்சாயத்தை நம்மால் திருத்த முடியாது, நாயை விரட்டச் சைக்கிளில் பேட்டரி ஹாரன் ஒன்று வைத்துவிடலாம் என்று முடித்தார். அடுத்த வாரமே கொண்டுவந்து மாட்டவும் செய்தார். ஓட முடியாத சைக்கிளில் ஹாரன் மட்டும் நன்றாக அலறியது. அதையும் படம் எடுத்தார்.

எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்தது கோபம் இல்லை, அருவருப்பு. இந்த மனுஷனுக்கு இஞ்சினியர் என்று யார் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று இருந்தது. அக்கா அவர் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் கையையும் சைக்கிளின் பெடலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கேண்டீன் சூப்பர்வைசர் நல்லவள். அம்மா பங்கு வேலையை மற்றவர்கள் பிரித்துச் செய்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகும் கொஞ்ச நாள் பார்க்கிறேன், அதற்கு மேல் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மாவுக்கு அந்த வேலை போனால் வேறு வேலை இல்லை. அவள் வயதில் எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. நான் ஓவர்டைம் பார்த்த காசில் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் மறுபடியும் இருபத்தாறு இஞ்ச் சக்கரம் போட்டேன். பிரேக் கட்டையைப் பழைய இடத்தில் மாட்டி, அறுத்த ஸ்டாண்டுக்குப் பதில் வேறு வைத்து, ஹாரனைக் கழற்றிக் கடைக்காரருக்கே கொடுத்துவிட்டு வந்தேன். கட்டு அவிழ்த்த கையோடு அம்மா வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை வேலைக்குப் போவதாகச் சொல்லி அனுப்பினாள்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடவே அவரும் வந்தார்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து முன்சக்கரத்தின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பனியனோடு உட்கார்ந்திருந்தார், கழுத்தில் அடையாள அட்டை. யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மச்சினிச்சி அவசரப்பட்டுவிட்டாளாம். இருபது சின்னதுதான், அவரே ஒத்துக்கொள்கிறாராம். இருபத்திநாலு போட்டால் கச்சிதமாக இருக்கும், நடுவில் ஒரு சைஸ் இருப்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன் என்றார். சக்கரத்துக்கு வாலாஜாபாத்தில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறாராம், அடுத்த வாரம் வரும்போது கொண்டுவருவாராம். அடுத்த வாரம் வரை அம்மா எதில் போவாள் என்ற கேள்வி அவருக்கு வரவே இல்லை. நான் கத்த ஆரம்பித்தேன். அவர் அதற்கும் சிரித்தார்.

அம்மா பின்னாலிருந்து வந்தாள். கட்டு அவிழ்த்த கை வெளுத்து, இளைத்துப்போய் இருந்தது. அந்தக் கையாலேயே கவிழ்ந்திருந்த சைக்கிளின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

“நாயி ஒண்ணும் குறுக்க வர்ல மாப்ள. நீங்க போட்ட சக்கரத்தாலதான் வுழுந்தேன். நாளைக்கி நான் வேலைக்கிப் போவணும். நீங்க எங்க வூட்டுக்கு வாங்க, நல்லா சாப்புடுங்க, தூங்குங்க. எதையும் சரி பண்ண வேணாம்.”

மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அம்மாவை மச்சினிச்சி கணக்கில் சேர்க்க முடியாதே. ஸ்பேனரைக் கீழே போட்டார். எழுந்து உள்ளே போய் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். அம்மா சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. வளைகாப்பு போச்சு, பிரசவம் போச்சு என்று அவள் மனசு எண்ணிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது மாதிரி இருந்தது. அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே அக்காவைப் பார்த்து, “கெளம்பு” என்றார்.

அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தைக்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனவள். அன்றைக்கு நகரவில்லை. மேடிட்ட வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த சைக்கிளைக் காட்டினாள்.

“கய்ட்ன நட்ட முறுக்கி வெச்சிட்டு வாங்க. அப்பால போலாமா வேணாமான்னு பாக்கலாம்.”

அவர் அக்காவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் கேலியாவது செய்வேன் என்று நினைத்து என்னைப் பார்த்தார். நான் கேலி செய்யவில்லை. சட்டையோடு வந்து மண்ணில் குந்தி உட்கார்ந்தார். ஸ்பேனரைத் தேடி எடுத்து, ஒரு பக்கம் முறுக்கினார், பிறகு மறுபக்கம் முறுக்கினார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, அது நேராக ஓடி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் உருப்படியாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.